சாம்பல் தந்த வெளிச்சம்

பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெளிச்சம் தருவது தீ அல்ல, சாம்பல். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த விளக்கை ஏற்றிய விதம் நினைவிருக்கும். ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைச் சூடாக்குவார்கள். பம்ப் அடித்து மண்ணெண்ணெயை மேலே ஏற்றுவார்கள். 'மேண்டில்' என்ற சின்னத் துணிப்பை தீப்பிடித்துக் கருகிச் சுருங்கும். பிறகு 'உஸ்' என்ற இரைச்சலோடு வெள்ளை ஒளி பரவும். கல்யாண ஊர்வலங்களும், கூத்து மேடைகளும், மின்சாரம் எட்டாத ஊர்களின் இரவுக் கடைகளும் அந்த ஒளியில்தான் நடந்தன. துணி முதல் தடவை ஏற்றும்போதே எரிந்து போய்விடுகிறது. அதன் பின்னல் மாறாமல் எஞ்சி நிற்கும் சாம்பல் கூடுதான் அதற்குப் பிறகு எல்லா இரவுகளிலும் ஒளிர்கிறது. விரல் பட்டால் உதிர்ந்துவிடும். பிள்ளைகளை அதன் அருகில் அண்டவிடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கூட்டைச் சுற்றி எரியும் சுடர் மங்கிய நீல நிறம். மேண்டிலைக் கழற்றிவிட்டுச் சுடரை மட்டும் எரியவிட்டால் அதன் வெளிச்சத்தில் புத்தகம் படிக்க முடியாது. சூட்டைக் கொடுப்பது சுடர். ஆனால் அதே சூட்டில் சாம்பல் கண்ணைப் பறிக்க, சுடர் மட்டும் ஏன் மங்கிக் கிடக்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கொல்லர் உலையில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டு இயற்பியல் பிறந்த பெர்லின் நகரத்து ஆய்வுக்கூடம் வரை போய்ச் சேரலாம். வழியில் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையும் வரும்.

கொல்லர் பட்டறையில் தாழ்ந்த கூரையும், பகலிலேயே அரை இருட்டும் இருப்பது வழக்கம். இரும்பின் நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்லும் தொழிலுக்கு அந்த இருட்டு தேவை. வெட்டவெளி வெயிலில் லேசாகச் சிவந்த இரும்புக்கும் சாதாரண இரும்புக்கும் வித்தியாசம் தெரியாது. துருத்தி ஊத ஊத, உலையில் கிடக்கும் இரும்பு முதலில் கருஞ்சிவப்பாகிறது. சுமார் 750 டிகிரி செல்சியஸில் நல்ல சிவப்பு. 950-ஐ ஒட்டி ஆரஞ்சு. 1100-இல் மஞ்சள். 1300-ஐ நெருங்கும்போது வெண்மை. அரிவாளுக்கு எந்த நிறத்தில் சம்மட்டி போட வேண்டும், இரண்டு துண்டுகளை ஒன்றாக இணைக்க எந்த நிறம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் தெர்மாமீட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே கண்பழக்கமாகக் கைமாறிவந்த அறிவு.

அந்த அறிவுக்குள் ஓர் ஆழமான உண்மை ஒளிந்திருந்தது. நிறம் சூட்டைச் சொல்கிறது. எந்தப் பொருள் என்று சொல்வதில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்டின் மகன் தாமஸ் வெட்ஜ்வுட் 1792-இல் இதைக் கவனித்து எழுதினார்: வெவ்வேறு பொருள்கள் ஒரே சூட்டில்தான் சிவக்கத் தொடங்குகின்றன. 1847-இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் அதைச் சோதனையாகச் செய்தார். ஒரு துப்பாக்கிக் குழலுக்குள் பளிங்கு, பித்தளை, ஈயம் என்று பலவற்றைப் போட்டுச் சூடேற்றினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள் எல்லாம் குழலோடு சேர்ந்து ஒரே நேரத்தில் ஒளிரத் தொடங்கின. மின்சாரம் பாய்ச்சிய பிளாட்டினப் பட்டையை இருட்டறையில் பார்த்து அந்தச் சூட்டையும் அளந்தார். 525 டிகிரி செல்சியஸ். இன்றும் அதற்கு டிரேப்பர் புள்ளி என்றே பெயர்.

525 டிகிரியில் பொருளுக்குள் புதிதாக எதுவும் தொடங்கிவிடுவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குவது நம் கண்ணில்தான். எந்தப் பொருளிலும் அணுக்களும் எலக்ட்ரான்களும் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வின் அளவைத்தான் வெப்பநிலை என்கிறோம். மின்னூட்டம் கொண்ட துகள் குலுங்கினால் மின்காந்த அலை பிறக்கும். ஆகவே சூடு என்று ஏதாவது இருக்கும்வரை எல்லாப் பொருளும் எப்போதும் கதிர் வீசிக்கொண்டேதான் இருக்கிறது. 400 டிகிரியில் கறுப்பாகக் கிடக்கும் இரும்பும் வீசுகிறது. அதன் அலைநீளம் நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு என்பதால் இரும்பு ஆறிவிட்டது என்று ஏமாந்து கை வைக்கிறோம். பட்டறையில் சிவந்த இரும்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆளைச் சுடுவது பெரும்பாலும் கறுத்த இரும்பு.

நாமும் ஒளிர்கிறோம். வளர்ந்த ஒரு மனிதரின் தோல் 800 வாட்டுக்கு மேல் அகச்சிவப்புக் கதிரை வெளியே வீசிக்கொண்டிருக்கிறது. சுவர்களும் கூரையும் கிட்டத்தட்ட அதே அளவைத் திருப்பி நம்மீது வீசுவதால் நிகர இழப்பு 100 வாட் அளவில் நின்றுவிடுகிறது. கொரோனா காலத்தில் விமான நிலையங்களில் நம் நெற்றிச் சூட்டைத் தொடாமலே படித்த கேமராக்கள் பார்த்தது இந்த ஒளியைத்தான். அதன் உச்சம் 9 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி இருக்கிறது. மேகமில்லாத இரவில் மொட்டை மாடித் தளம் சீக்கிரம் குளிர்வதும் இதனால்தான். தளம் தன் சூட்டை வானத்துக்கு வீசுகிறது. திருப்பி வீச மேலே சுவரும் இல்லை, மேகமும் இல்லை.

சூடு ஏற ஏற இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. கதிர்வீச்சின் மொத்த அளவு மிக வேகமாக ஏறுகிறது: கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு பதினாறு மடங்கு. வியன்னாவில் யோசெஃப் ஸ்டெஃபான் 1879-இல் கண்ட விதி இது. மற்றொன்று, கதிர்வீச்சின் உச்சம் நீண்ட அலைகளிலிருந்து குறுகிய அலைகளை நோக்கி நகர்கிறது. இதை 1893-இல் வில்ஹெல்ம் வியன் விதியாக வகுத்தார். அகச்சிவப்பின் ஆழத்தில் இருந்த உச்சம் மெல்ல நகர்ந்து வர, அதன் முன்விளிம்பு நம் கண்ணுக்குத் தெரிந்த வட்டாரத்தைத் தொடும் இடம்தான் டிரேப்பர் புள்ளி. அப்போதுகூட உச்சம் 3.6 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. சிவப்பு ஒளியின் அலைநீளம் 0.7 மைக்ரோமீட்டர். கண்ணில் படுவது வால்நுனி மட்டும்.

விளக்கின் வரலாறு முழுவதும் இந்த ஒரு விதியோடு நடந்த போராட்டம் என்பேன். வெளிச்சம் வேண்டிப் பொருளைச் சூடாக்குகிறோம். சூடான பொருளோ நாம் கேட்டதில் கொஞ்சமும் கேட்காததில் பெரும்பகுதியும் தருகிறது. இந்தப் பேரத்தில் மனிதன் ஓரளவு வென்ற முதல் இடம் அந்தச் சாம்பல் கூடு.

அதைப் புரிந்துகொள்ள ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அங்கே 1859-60இல் குஸ்தாவ் கிர்க்காஃப் ஒரு விதியைச் சொன்னார். ஒரு பொருள் எந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சுமோ, சூடானால் அதே அலைநீளத்தைத்தான் நன்றாக உமிழும், உறிஞ்சாததை உமிழாது. பூ வேலைப்பாடு செய்த வெள்ளைப் பீங்கான் துண்டைச் சிவக்கக் காய்ச்சி இருட்டில் எடுத்துப் பார்த்தால் காட்சி தலைகீழாகும்: கறுத்த பூக்கள் பிரகாசமாக ஒளிரும், வெள்ளைப் பரப்பு மங்கலாக நிற்கும். கறுப்பு அதிகம் உறிஞ்சியது. அதனால் அதிகம் உமிழ்கிறது. அதே துண்டைச் சீராகச் சூடான சூளைக்குள் வைத்து ஓட்டை வழியே பார்த்தால் இன்னும் பெரிய வியப்பு காத்திருக்கிறது. பூவும் தெரியாது, பரப்பும் தெரியாது, துண்டே சூளையின் சுவரோடு கரைந்துபோகும். வெள்ளைப் பகுதி குறைவாக உமிழ்ந்ததைச் சூளைச் சுவரிலிருந்து வந்து எதிரொளித்த கதிர் சரியாக ஈடுகட்டிவிடுகிறது. உள்ளே எல்லாம் ஒரே ஒளி. அந்த ஒளியைத் தீர்மானிப்பது சூளையின் சூடு மட்டும். டிரேப்பரின் துப்பாக்கிக் குழலுக்குள் நடந்ததும் இதுதான். எல்லா அலைநீளத்தையும் முழுதாக உறிஞ்சும், ஆகவே முழுதாக உமிழும் இலட்சியப் பொருளுக்குக் கிர்க்காஃப் கரும்பொருள் என்று பெயர் வைத்தார்.

இப்போது சுடரைப் பாருங்கள். மெழுகுவத்திச் சுடர் மஞ்சளாக ஒளிர்வது அதற்குள் மிதக்கும் கரித்துகள்களால். கரி கறுப்பு, கரும்பொருளுக்கு நெருக்கமானது, சூட்டில் நன்றாக ஒளிர்கிறது. சுடருக்கு மேலே ஒரு கரண்டியைக் காட்டினால் படியும் கரி அந்தத் துகள்கள்தான். கேஸ் அடுப்பிலும் பெட்ரோமாக்ஸிலும் காற்று நன்றாகக் கலந்துவிடுவதால் கரி உண்டாவதற்கு முன்பே எல்லாம் எரிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது தெளிந்த வாயு. அது கண்ணுக்குத் தெரிந்த ஒளியை உறிஞ்சுவதில்லை; ஊடுருவ விட்டுவிடுகிறது. அதனால் எவ்வளவு சூடானாலும் கண்ணுக்குத் தெரியும்படி உமிழ அதற்கு வழியில்லை. அப்படியானால் அந்த நீலம்? அது சூட்டின் ஒளியே அல்ல. எரியும் வேதிவினையில் நொடிப்பொழுது பிறந்து மறையும் கார்பன் மூலக்கூறுகள் தமக்கே உரிய நிறத்தில் உமிழ்வது அது. அடுப்புச் சுடரின் நீலத்தைக் கண்டு, நீல விண்மீன் அளவுக்கு அது சூடானது என்று எண்ணுபவர்கள் உண்டு. இரண்டு நீலத்துக்கும் தொடர்பில்லை.

மிகச் சூடான, ஆனால் ஒளிராத சுடருக்குள் உறிஞ்சத் தெரிந்த திடப்பொருள் ஒன்றை வைத்தால் வெளிச்சம் கிடைக்கும். ஹைடல்பர்கில் கிர்க்காஃபின் தோழரும், ஆய்வகப் பர்னருக்குத் தம் பெயரைத் தந்தவருமான ராபர்ட் புன்சனிடம் படித்த ஆஸ்திரியர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் இதைச் செய்தார். அருமண் தனிமங்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவர் அவற்றின் ஆக்சைடுகள் புன்சன் சுடரில் பளிச்சென்று ஒளிர்வதைக் கண்டு, துணியை உப்புக் கரைசலில் ஊறவைத்து எரித்து, ஆக்சைடு கூட்டை மட்டும் நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். 1885-இல் காப்புரிமை பெற்ற முதல் மேண்டில் பச்சை சாயலில் எரிந்தது, எளிதில் உடைந்தது, விலைபோகவில்லை. 1891-இல் சரியான கலவை அகப்பட்டது: தோரியம் ஆக்சைடு 99 விழுக்காடு, சீரியம் ஆக்சைடு 1 விழுக்காடு.

இந்த 99-க்கு 1 என்ற கலவையை நான் மனிதன் செய்த அழகான பொருட்களில் ஒன்றாகவே கருதுகிறேன். தோரியம் ஆக்சைடு கண்ணுக்குத் தெரிந்த ஒளியையும் அதை அடுத்த அகச்சிவப்பையும் அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. ஆகவே உமிழ்வதும் இல்லை. சூட்டை வெளியே கொட்டாததால் சுடரின் வெப்பநிலைக்கு மிக அருகில் ஏறிவிடுகிறது. தனித் தோரிய மேண்டில் கடும் சூட்டில் இருந்துகொண்டு மங்கலாகத்தான் எரியும். அதில் சேர்க்கும் துளி சீரியம் கண்ணுக்குத் தெரிந்த வட்டாரத்தில் நன்றாக உறிஞ்சும். அங்கே மட்டும் உமிழும் கதவைத் திறந்துவிடுகிறது. சீரியத்தைக் கூட்டினால் வெளிச்சம் கூடும் என்று நினைப்போம். மாறாக, அது அகச்சிவப்பையும் உமிழத் தொடங்கி மேண்டிலைக் குளிர்வித்துவிடும். ஒளி சிவந்து மங்கும். வெளிச்சத்துக்குக் கறுப்பாகவும் வெப்பக் கதிருக்குத் தெளிந்ததாகவும் இருக்கும் ஒரு பொருள் வேண்டியிருந்தது. கிர்க்காஃபின் விதி எழுதப்பட்டு முப்பது ஆண்டுகளில் அது ஒரு துணிப்பையின் வடிவில் தெருவிளக்குக்கு வந்துவிட்டது. 1910-இல் பெர்லினில் மேக்ஸ் கிரேட்ஸ் உருவாக்கிய மண்ணெண்ணெய் அழுத்த விளக்கு அதையே ஊர் ஊராகக் கொண்டுபோனது. பெட்ரோலியம் என்பதோடு அவர் பெயரின் முற்பகுதி சேர்ந்து பெட்ரோமாக்ஸ் ஆனது.

மேண்டில் தொழிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அது பெரும்பாலும் பிரேசிலிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 1909-இல் சோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மின்னுவதைக் கண்டார். அந்த மணலின் ஊர் மணவாளக்குறிச்சி. அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப்போருக்கு முன்பு தென்திருவிதாங்கூர்க் கடற்கரை ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்குக் கச்சாப்பொருள் தந்தது. மின்விளக்கு வென்ற பிறகு மேண்டிலுக்கான தேவை வற்றியது. பின்னாளில் அதே தோரியம் அணுசக்தி எரிபொருளாக மதிக்கப்பட, மோனசைட் அரசுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தோரியம் கதிரியக்கம் உடையது என்பதால் இன்று பல மேண்டில்களில் அதற்குப் பதில் இட்ரியம் வந்துவிட்டது. பழைய மேண்டில் எங்காவது பரணில் கிடந்தால் அதன் தூளை மூச்சில் இழுக்காமல் இருப்பது நல்லது.

மின்சார பல்பு இவ்வளவு நுட்பமானதல்ல. முரட்டு வழி அது: சூட்டை ஏற்று, உச்சம் தானாக நகர்ந்து வரும். 1879-இல் எடிசன் வெற்றிகரமாக எரித்த கரி இழை மிக உயர்ந்த சூட்டைத் தாங்கும். ஆனால் அதற்கு வெகு முன்பே ஆவியாகிக் கண்ணாடியைக் கறுப்பாக்கிவிடும். 3422 டிகிரியில் உருகும் டங்ஸ்டன்தான் தகுதியான உலோகம் என்பது தெரிந்ததுதான். முறுக்கினால் உடையும் அந்த உலோகத்தைக் கம்பியாக இழுக்கும் வழியை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வில்லியம் கூலிட்ஜ் 1910-இல் கண்டார். 1913-இல் அதே நிறுவனத்தின் இர்விங் லாங்மியூர், பல்பை வெற்றிடமாக்குவதற்குப் பதில் மந்த வாயுவால் நிரப்பினால் டங்ஸ்டன் ஆவியாவது குறையும் என்று காட்டினார். அதன்பின் நூறாண்டு காலம் உலகம் சுமார் 2500 டிகிரி டங்ஸ்டன் சுருளின் ஒளியில் வாழ்ந்தது. அந்தச் சூட்டிலும் உச்சம் 1 மைக்ரோமீட்டரில், அகச்சிவப்பில்தான் நிற்கிறது. மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை.

வோல்டேஜ் குறைந்த மாலைகளில் பல்பு சிவந்த நூல்போல எரிந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர் என்று காட்டும் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒளி செங்குத்தான சரிவில் நிற்பதால், சூடு கொஞ்சம் இறங்கினாலே ஒளி பெரிதும் சரிந்துவிடுகிறது.

அந்த வரைபடத்தின் வடிவம் என்ன, அது ஏன் அப்படி இருக்கிறது? இதைக் கேட்டவர்களுக்குப் பின்னால் விளக்குத் தொழிலும் நின்றது. 1887-இல் பெர்லினை அடுத்த சார்லாட்டன்பர்கில் ஜெர்மன் அரசு ஓர் அளவியல் நிறுவனத்தைத் தொடங்கியது. எரிவாயு விளக்கும் மின்விளக்கும் சந்தையில் மோதிக்கொண்டிருந்த நேரம். எந்த விளக்கு எவ்வளவு ஒளி தருகிறது என்று அளக்க நம்பகமான அளவுகோல் தேவைப்பட்டது. சூட்டை மட்டுமே பொறுத்த கரும்பொருள் ஒளி அதற்குப் பொருத்தமானது. ஆனால் கரும்பொருளுக்கு எங்கே போவது? 1895-இல் வியனும் ஓட்டோ லூமரும் சொன்ன யோசனை எளிமையானது: சீராகச் சூடேற்றிய ஒரு கூட்டில் சிறு துளை. உள்ளே நுழையும் ஒளி சுவர்களில் மோதி மோதி உறிஞ்சப்பட்டுவிடும், வெளியே வராது. ஆகவே அந்தத் துளைதான் கரும்பொருள். பகலில் தெருவிலிருந்து பார்க்கும்போது திறந்த ஜன்னல் கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

அந்தத் துளையிலிருந்து வரும் கதிரை லூமர், பிரிங்ஷைம், குர்ல்பாம், ரூபன்ஸ் ஆகியோர் பல ஆண்டுகள் அளந்தார்கள். வியன் 1896-இல் தந்த சூத்திரம் குறுகிய அலைகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நீண்ட அகச்சிவப்பு அலைகளுக்குப் பொருந்தவில்லை. 1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, ரூபன்ஸ் தம் மனைவியோடு இயற்பியலாளர் மேக்ஸ் பிளாங்கின் வீட்டுக்குச் சென்றபோது புதிய அளவீடுகளைப் பற்றிச் சொன்னார். அன்று மாலையே பிளாங்க் இரண்டு பக்கமும் பொருந்தும் ஒரு சூத்திரத்தைக் கண்டுவிட்டார். 19-ஆம் தேதி அதை இயற்பியல் சங்கத்தில் வாசித்தார். ரூபன்ஸ் சரிபார்த்தார், பிசிறில்லாமல் பொருந்தியது. ஆனால் சூத்திரம் ஏன் சரி என்பது பிளாங்குக்கே தெரியவில்லை. இரண்டு மாத உழைப்புக்குப் பின் டிசம்பர் 14 அன்று அவர் தந்த விளக்கத்தில் யாரும் எதிர்பாராத ஓர் அனுமானம் இருந்தது: அதிரும் துகள்கள் ஆற்றலை நினைத்த அளவில் கொடுத்து வாங்க முடியாது, அதிர்வெண்ணுக்கு ஏற்ற அளவுள்ள முழுப் பொட்டலங்களாக மட்டுமே முடியும்.

ஒரு சந்தையை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே ஆளுக்குச் சராசரியாக நூறு ரூபாய் இருக்கிறது. தொலைதூர அகச்சிவப்புக் கடையில் ஒரு சாமான் 90 ரூபாய். சிவப்புக் கடையில் 2,600. ஊதாக் கடையில் 4,500. அரைச் சாமான், கால் சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. தற்செயலாகக் கையில் பெரும் பணம் சேர்ந்த ஒன்றிரண்டு பேர் மட்டும் சிவப்புக் கடைக்குப் போக, ஊதாக் கடை ஈயோட்டும். 525 டிகிரிச் சூட்டில் உள்ள பொருளுக்குள் விகிதம் ஏறக்குறைய இதுவே. அறைச் சூட்டில் சிவப்புச் சாமானின் விலை 7,000 ஆகிவிடும்; வாங்க ஆளே இருக்காது. அதனால்தான் மேசையும் நாற்காலியும் இருட்டில் ஒளிர்வதில்லை. பொட்டலக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால், பழைய இயற்பியலின் கணக்குப்படி, எந்தப் பொருளும் புறஊதாவில் வரம்பின்றி ஆற்றலைக் கொட்டியிருக்க வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்க்கவே பிளாங்க் குவாண்டம் என்ற அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார் என்று பாடநூல்கள் பலவும் எழுதுகின்றன. உண்மையில் அவரைத் துரத்தியது அளவீடுகள். அந்த முரண்பாடு கூர்மையாக உணரப்பட்டது பின்னர்தான். 'புறஊதாப் பேரழிவு' என்ற பெயரே 1911-இல் இயற்பியலாளர் எரன்ஃபெஸ்ட் வைத்தது.

பிளாங்க் தயக்கத்தோடு வைத்த அனுமானத்தை 1905-இல் ஐன்ஸ்டைன் ஒளிக்கே பொருத்தினார். 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சத்தியேந்திரநாத் போஸ், பழைய இயற்பியலின் துணையே இல்லாமல் பிளாங்கின் சூத்திரத்தைப் பெறும் வழியைக் கண்டு ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். அந்தச் சூத்திரத்தில் பிளாங்க் வைத்த மாறிலி இன்று நம் எடைக்கல்லையே தாங்கி நிற்கிறது: 2019 மே 20 முதல் கிலோகிராம் என்ற அளவு பிளாங்க் மாறிலியைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது.

இதே வரைபடம் வானத்திலும் செல்லும். கிடைத்த அளவீடுகளைத் தன் விதியில் பொருத்தி, சூரியனின் மேற்பரப்பு சுமார் 5430 டிகிரி செல்சியஸ் என்று ஸ்டெஃபான் 1879-இலேயே சொன்னார். இன்றைய மதிப்பு 5500. மார்கழி இரவில் சிவந்து தெரியும் திருவாதிரை சுமார் 3500 கெல்வின். வெண்ணீலச் சித்திரை விண்மீன் 20,000 கெல்வினைத் தாண்டியது. கொல்லர் இரும்பைப் படித்த அதே முறையில்தான் வானியலர் விண்மீனைப் படிக்கிறார்கள். பச்சை விண்மீன் ஏன் இல்லை என்று குழந்தைகள் கேட்பதுண்டு. சூரியனின் உச்சமே பச்சைக்கு அருகில்தான். ஆனால் உச்சம் பச்சையில் இருக்கும்போது இருபுறமும் சிவப்பும் நீலமும் தாராளமாகக் கலந்துவிடுவதால் கண் அதை வெண்மையாகவே பார்க்கிறது.

அப்படியென்றால் டங்ஸ்டனைவிடச் சூடு தாங்கும் பொருள் ஒன்று கிடைத்தால் விளக்கின் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. கணக்கு போட்டால், கரும்பொருளின் ஒளித்திறன் 6600 கெல்வினை ஒட்டி உச்சம் தொடுகிறது. அங்கே வாட்டுக்குச் சுமார் 95 லூமென் வெளிச்சம். அதற்குமேல் சூடேற்றினால் ஆற்றல் புறஊதாவுக்குத் தப்பிவிடும். சாதாரண குண்டு பல்பு வாட்டுக்கு 10 முதல் 15 லூமென் தந்தது. இன்று கடையில் வாங்கும் எல்.இ.டி. விளக்குகளில் பல 100-ஐத் தாண்டுகின்றன. கரும்பொருளைச் சூடாக்கி ஒளி பெறும் வழி எட்டவே முடியாத எண் அது. எல்.இ.டி. அந்த வழியை விட்டே விலகியது: குறைக்கடத்திச் சில்லில் எலக்ட்ரான் படி இறங்கும்போது நேராக நீல ஒளி பிறக்கிறது, மேலே பூசிய பாஸ்பர் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக்குகிறது, இரண்டும் கலந்து வெள்ளை. சூடு இங்கே வெறும் இழப்பு.

ஆனாலும் எல்.இ.டி. பெட்டியின்மேல் 2700 கெல்வின், 4000 கெல்வின், 6500 கெல்வின் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில் உள்ள கரும்பொருளின் ஒளி எந்த நிறமோ, அந்த நிறம் என்று பொருள். சிறிய எண் மஞ்சள் சாய்ந்தது, பெரிய எண் நீலம் சாய்ந்தது. நீலம் மிகுந்த ஒளி இரவில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைத் தாமதப்படுத்தும். ஆகவே அடுத்த முறை விளக்கு வாங்கும்போது படுக்கையறைக்கும் பிள்ளைகள் தூங்கும் அறைக்கும் 2700 அல்லது 3000 எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சமையலறைக்கும் வேலை மேசைக்கும் 4000 போதும். வாட் எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் லூமென் எண்ணையும் பாருங்கள். வெளிச்சத்தின் அளவைச் சொல்வது அதுதான்.